மிரேலாவுக்காக வார்த்த நீர்

கிணற்றுக் கல்லில் அன்று ஒரு குளவிகூட இல்லை. கோடை விடியலில் ஈரக்கல்லை மொய்க்கும் குளவிகளைத் துணியால் ஓட்டிவிட்டுத்தான் ஸம்ஃபீரா வாளியை இறக்குவாள். இன்று ஓட்ட ஒன்றுமில்லை. உருளை முனகியது, சங்கிலி நெடுநேரம் இறங்கியது, மேட்டு மக்காச்சோளக் கொல்லையிலிருந்து இரவு மழையின் மண்வாடை வழிந்து வந்தது. அந்த வாடைக்கும் அடியில், பூச்சிமருந்துக் கொட்டகையைத் திறந்தால் முகத்திலறையும் அதே பூண்டு நெடி.

இறந்தவர் மறுமையில் தாகத்தால் தவிக்கலாகாது. அதற்காக அவர் குடித்து வளர்ந்த கிணற்று நீரை நாற்பது விடியல் அயல்வீட்டுக்குச் சுமந்து, கண்ணெதிரே குடிக்கச் செய்ய வேண்டும். ஒல்த் ஆற்றங்கரை ஊர்களில் இதைத் தவறவிட்ட தாய் எவளும் இல்லை. ஏழு வயதில் மண்ணுக்குள் போன ஸம்ஃபீராவின் மகள் மிரேலாவின் பெயரால் குடிப்பவள், அவளுடைய அயல்வீட்டுத் தோழி சொரினா.

"அவளுக்குச் சேரட்டும்," என்று சொல்லிச் சொரினா குவளையை வாங்கினாள். குவளை பற்களில் மோதிக் கிடுகிடுத்தது. உதட்டோரம் எச்சில் ஒழுகியது. அரையிருட்டிலும் கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"ரெண்டு நாளா இப்படித்தான்க்கா. தோழிய நெனச்சு ஏங்குது," என்றாள் அவள் தாய் ரோடிகா.

மிரேலாவின் கரண்டியும் இப்படித்தான் தட்டில் ஆடியது. நகரத்து மருத்துவர் அன்று ஒன்றே ஒன்று கேட்டார்: எந்தக் கிணற்று நீர்? அந்தக் கேள்வியை ஸம்ஃபீரா மகளோடு சேர்த்துப் புதைத்திருந்தாள்.

வீட்டில் அவள் கணவன் கோஸ்தெல் பாலாடைக்கட்டியோடு களி தின்றுகொண்டிருந்தான்.

"நம்ம கொல்லையில அடிக்கிற மருந்து எங்கங்க போகுது?"

"எங்க போகும்? களிமண்ணுடி அது, உன் வாய் மாதிரி ஓட்டையா? எங்கப்பன் தெளிச்சதையே இன்னும் இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கு."

"தட்டையெல்லாம் எரிச்சாச்சு. சாணியையும் வித்தாச்சு. அப்புறம் அந்த மண்ணு எதை வெச்சுங்க மருந்தப் பிடிக்கும்?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு மென்றான்.

மண் ஊமையன்று, பொறுத்திருந்தது. தலைமுறைகளின் நஞ்சைத் தன் கைக்குள் பொத்திக் காத்தது. அதற்குச் சோறிட மறந்தார்கள், அதன் போர்வையைக் கொளுத்தினார்கள், விரல்கள் மெலிந்தன. மழை வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தது. பேராசை விதைத்த கொல்லைக்குக் கீழே எந்தச் சாமி காவலிருந்தது?

மறுநாள் அவள் நீர் சுமக்கவில்லை. ரோடிகாவிடம் எதுவும் சொல்லவுமில்லை. எப்படிச் சொல்வாள்? சொன்னால், மகளுக்கு அந்த நஞ்சைக் குவளை குவளையாய் ஊட்டிய கை தன்னுடையது என்றாகும். கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தாள். வெளியே வெயில் ஏறியது. எங்கோ மகள் வறண்ட நாக்கோடு காத்திருப்பாள். வழியைப் பார்ப்பாள். வராத அம்மாவைப் பார்ப்பாள்.

முற்றத்தில் காலடி.

உருளை முனகியது.

சங்கிலி இறங்கியது.

கோஸ்தெல் வயலுக்குப் போய்விட்டான். வீட்டில் வேறு எவருமில்லை. கதவில் காதை வைத்தாள். சங்கிலி ஏறியது. நீர் தளும்பும் ஓசை வேலியைக் கடந்து போனது.

வேலியைக் கடந்து.

அது உறைக்க நேரமாயிற்று. பிறகு அவள் ஓடினாள்.

ரோடிகா வாசலில் கைதுடைத்தபடி நின்றாள். முகமெல்லாம் கனிவு. "உடம்புக்கு முடியலையாக்கா? ஒரு நாள் தவறினா பிள்ளை அங்க தவிச்சுப் போகுமே. நானே எடுத்துட்டு வந்து குடுத்துட்டேன். ரெண்டு குவளை குடிச்சா."

உள்ளே சொரினா சுவரில் சாய்ந்திருந்தாள். வாயோரம் நுரை. விரல்கள் தரையில் தாளமிட்டன. ஊசிமுனைப் பாவைகள் மெல்லத் திரும்பி, தன் தாயைக் கடந்து, ஸம்ஃபீராவின்மேல் நிலைத்தன. ஆடும் கை காலிக் குவளையை அவளிடம் நீட்டியது.

"அம்மா," என்றது குழந்தை, மிரேலாவின் குரலில். "இன்னும் தாகமா இருக்கும்மா."