கதவருகே ஒரு ஜோடிச் செருப்பு

1991 டிசம்பர், செவ்வாய்க்கிழமை. பகல் 1.50.

ராஜபாளையத்து மில்கள் ஆறும் சேர்ந்து நடத்திய கம்ப்யூட்டர் நிலையத்தில், ஒரு வாரச் சோதனைக்கு வந்திருந்த புதிய டிஸ்க் பெட்டி செத்துக் கிடந்தது. அதற்குள் இருந்த ஆறு மில்லின் வருகைப் பதிவும் சிதைந்து போயிருந்தது.

சூப்பிரண்டு தங்கபாய்க்கு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் நின்றபடியே வந்த கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. மெயின்பிரேம் கம்ப்யூட்டருக்குப் பழையபடி டேப் டிரைவ்களையே வாங்குவதா, இந்த டிஸ்க்குக்கு மாறிவிடுவதா என்று மாலை ஐந்து மணிக்குள் அவர் எழுதித் தர வேண்டும்.

மேனேஜர் வைகுண்டராஜ் அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார். பெட்டியோடு வந்த இன்ஜினியர் காதரின் கவனக்குறைவுதான் காரணம், மெட்ராசில் இருக்கும் அவன் கம்பெனிக்கு போன் போடப் போகிறேன் என்றார். காதர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அந்த ஒரு போன் போதும், அவனை வீட்டுக்கு அனுப்ப.

"அஞ்சு மணி வரைக்கும் பொறுங்க சார்" என்று தங்கபாய் கேட்டுக்கொண்டார்.

நிமிஷத்துக்கு நிமிஷம் நடப்பதைக் கம்ப்யூட்டர் குறிக்கும் கன்சோல் தாளில், 1.22க்குப் பெட்டி நின்றதாக அச்சாகியிருந்தது. ஏசி நிற்கவில்லை, சுவரில் இருந்த கரண்டுக் கடிகாரமும் நிற்கவில்லை. அப்படியானால் கரண்டு போகவில்லை; பெட்டி எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ பின்பக்கச் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள்.

2.15.

மெஷின் அறைக்குள் தூசி போகக் கூடாது. யாராக இருந்தாலும் வராந்தாப் பலகையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்பவள் முத்துப்பேச்சி. ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை அங்கேயே உட்கார்ந்துதான் சாப்பிட்டாளாம்.

"ஒரு சோடிதாம்மா கெடந்துச்சு. இந்த இன்சினியர் தம்பியோடது. வேற ஆள் போனா எனக்குத் தெரியாதா?"

"வாசலைப் பாத்துக்கிட்டா உக்காந்திருந்தே?"

"போற வார ஆள் கண்ணு பட யாரும்மா சோறு திம்பா? வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுதான். பலகைதான் கண்ணு முன்னால இருக்குல்லா."

2.40.

காதர் தலை கவிழ்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டேப் பிரிவின் தலைவர் ஐயாதுரை, முற்றத்துச் சரளையை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து வந்து, அவன் கையில் சுக்குக் காபியைக் கொடுத்தார். "குடிங்க சாமி" என்றார். மலைக்கு மாலை போட்ட நாளிலிருந்து அவருக்கு எல்லோரும் சாமிதான். அவரையும் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். இருபது வருடமாக டேப் அறை அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே தினக்கூலிக்கு ஐந்து பெண்கள், சேத்தூரிலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் வருகிறவர்கள்.

அவர் போன பிறகு, 1.22க்கு எங்கே இருந்தாய் என்று தங்கபாய் கேட்டார். பெட்டி பக்கத்திலேயே இருந்தேன் என்றான் காதர். தங்கபாய் அவன் முழங்காலைப் பார்த்தார். பேன்ட்டில் பொட்டுப் பொட்டாக வெள்ளைத் தாள்.

"இது பிரிண்டர் பேப்பர் ஓரத்து ஓட்டையிலேருந்து விழுற பொட்டு. மெஷின் ரூம்ல ஒண்ணு கூடக் கெடக்காது. அதுக்கு உள்ள இருக்கிற பேப்பர் ரூம்லதான் கெடக்கும். தொழுதியா தம்பி?"

அவன் தலையாட்டினான்.

"அந்த ரூமை யார் தொறந்து விட்டா?"

"அதைக் கேக்காதீங்க மேடம். நமக்கு நல்லது செஞ்சவகளை நான் மாட்டி விட மாட்டேன்."

3.30.

தங்கபாய் சோர்ந்துபோய்த் தன் மேசைக்குத் திரும்பினார். வீங்கிய காலிலிருந்து செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளினார். கர்த்தரே, ஒரு பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட என்னைக் கருவியாக்கிவிடாதேயும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை பெட்டியைப் பார்த்துவிடலாம் என்று வெறுங்காலோடு மெஷின் அறைக்குள் போனார்.

வராந்தாவில் மேனேஜரின் குரல் கேட்டது. உள்ளே யார் என்று கேட்டார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி பலகையைப் பார்த்தாள். "உள்ள ஒருத்தரும் இல்லையே சார்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தங்கபாய் அப்படியே நின்றுவிட்டார்.

4.20.

மேனேஜர் அறைக்கு ஐயாதுரையை வரச் சொன்னார்கள். மாலை கழுத்தில் கிடக்கும் வரை அவர் பொய் சொல்ல மாட்டார் என்று தங்கபாய்க்குத் தெரியும். இதுவரை அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"சாமி, ஒண்ணேகாலுக்குப் பொறவு மெஷின் ரூமுக்குள்ள போனீங்களா?"

ஐயாதுரை கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டார். "போனேம்மா. சுவிட்சை அமத்துனதும் நாந்தான்."

வைகுண்டராஜ் நம்பவில்லை. தங்கபாய் விளக்கினார். முத்துப்பேச்சி ஆட்களை எண்ணவில்லை, செருப்பை எண்ணினாள். விரதத்துக்காகக் கார்த்திகையிலிருந்து வெறுங்காலோடு நடக்கிறவர் பலகையில் எதை விட்டுப் போவார்? பேப்பர் அறைச் சாவி டேப் பிரிவில்தான் இருக்கிறது. காதருக்குத் தொழ இடம் கொடுத்தவருக்கு மட்டுமே, எந்த நேரத்தில் அவன் பெட்டியை விட்டு நகருவான் என்று தெரியும்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் சர்வீசு" என்றார் ஐயாதுரை. "டிஸ்க்கு வந்துட்டா டேப்பு மாட்ட ஆள் எதுக்கு? அந்த அஞ்சு பிள்ளைகளும் எங்கிட்டுப் போகும்னு நெனச்சேன். பழி காதர் சாமி மேல விழும்னு நெனக்கலை. விழுந்த பொறவும் வாயைத் தொறக்கலை. அதுதாம்மா பாவம்."

பிறகு அவராகவே எழுந்து டேப் அறைக்குப் போனார். நேற்று மாலை தன் கையால் நகல் எடுத்து வைத்த டேப்பை மாட்டினார். 4.50க்கு ஆறு மில்லின் வருகைப் பதிவும் மீண்டு வந்தது. காதர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தான்.

தங்கபாய் அறிக்கை எழுதினார். டிஸ்க்கையே வாங்கலாம். ஆனால் ஒரு சுவிட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும் என்று இன்று கண்ணால் பார்த்தோம். ஆகவே தினமும் டேப்பில் நகல் எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் நம் கிளை ஆபீசில் வைக்க வேண்டும். அதற்கு இப்போதிருக்கும் ஐந்து பேரும் தேவை. ஐயாதுரை செய்ததையும் ஒளிக்காமல் எழுதினார்.

மேனேஜர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்: டிஸ்க் வாங்கும் தாளிலும், விசாரணை முடியும் வரை ஐயாதுரை வேலைக்கு வரக் கூடாது என்ற தாளிலும்.

5.30.

பஸ்ஸுக்குக் கிளம்பிய தங்கபாயை ஐயாதுரை வாசல் கேட் அருகே நிறுத்தினார். மடியிலிருந்து பேப்பர் அறைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். ஒண்ணேகாலுக்கு அந்தச் சாமிக்கு ரூமைத் தொறந்து விட்ருங்கம்மா."