கொரியப் படமும் காளியாயி வீட்டுச் சுவரும்

நிலக்ஷி ஆணியின் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். சுவரின் அந்தப் பக்கத்தில் ஏதோ ‘சலீர்’ என்று விழுந்து உடைந்தது.

சுத்தியல் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே அடித்தால் அங்கே ஆடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிலக்ஷிக்கும் தெரியும்தான். ஆனால் காலையிலிருந்து அவள் புத்தி கொரியாவில் அல்லவா இருந்தது! போனில் பார்த்த கொரிய வீட்டில், வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு படம். அதேபோல இவளும் பழைய கலண்டர்களைக் கழற்றிவிட்டு, ஒற்றைக் கோட்டில் ஒரு மலையும், மேலே சிவப்பாக ஒரு சூரியனும் வரைந்தாள். கொழும்பிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கண்ணாடிச் சட்டத்தில் அதைப் போட்டும் வைத்தாள்.

அந்தப் பக்கம் தொங்கியது பக்கத்து வீட்டுக் காளியாயி அத்தையின் கல்யாணப் படம். அத்தையிடம் இருப்பதே அந்த ஒரு படம்தான். அத்தையின் வாய்க்குப் பயந்து, வேலை வாங்கும் கங்காணியே சுற்றுவழியில் போவார்.

யாரும் பார்க்கவில்லை. பூனை தள்ளிவிட்டது என்று சொல்லிவிடலாமா? பூட்டிய வீட்டில் ஏது பூனை! பேசாமல் ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிடலாமா?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தை தேயிலை மலையிலிருந்து வெறுங்காலோடு வருவார். வீட்டுக்குள் பகலிலும் இருட்டு. கீழே முழுக்கக் கண்ணாடி!

ஓடிப்போய் அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தாள்.

பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்கை அவிழ்த்து உதறிக்கொண்டே அத்தை வந்தார்.

“அத்தை, உள்ள போவாதீங்க!”

“ஏன்டி, என் வீட்டுக்குள்ள நான் போவக்கூடாதா?”

“கண்ணாடி ஒடஞ்சு கெடக்கு அத்தை. கால்ல குத்திரும்.”

“பூட்டுன வீட்டுக்குள்ள ஒடஞ்சது ஒனக்கு எப்புடித் தெரியும்?”

நிலக்ஷிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நான்தான் அத்தை... எங்க பக்கம் ஆணி அடிச்சேன்.”

அத்தை திட்டவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நிலக்ஷி செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கதவோரம் வரை துண்டுகள் சிதறியிருந்தன. எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள். நல்லவேளை, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அத்தையிடம் கொடுத்தாள். பிறகு வீட்டுக்கு ஓடி, தன் மலைப் படத்தை உருவிவிட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தாள். கல்யாணப் படம் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

“அப்ப ஒன் படம்?”

“சோத்துப் பருக்கையால ஒட்டிக்கிறேன் அத்தை.”

அத்தை கூடவே வந்து அதை எட்டிப் பார்த்தார். “இம்புட்டுத்தானா? பாதிப் பேப்பரு சும்மா கெடக்கே!”

“கொரியாவுல இப்புடித்தான் அத்தை, கொஞ்சமாத்தான் வரைவாங்க.”

அத்தை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடு. ஒட்டுறதுக்கு எங்க வீட்டுலயே சோறு இருக்கு. சுத்தியல மட்டும் கொண்டாந்துராத!”

நிலக்ஷிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.