சின்ன வருத்தமாகக் கொண்டு வரவும்

டெக்சாஸ் கடற்கரையில் இருந்த அந்தக் கல்லூரியில் இலக்கியம் படிக்கப் புத்தகம் வேண்டாம், ஒரு வருத்தம் இருந்தால் போதும். காலநடைப் பொறியைத் தலையில் மாட்டுவார்கள். அது நம் நினைவு ஒன்றை எடுத்து, அமெரிக்க எழுத்துக்காரர்கள் ஒரு காலத்தில் எப்படி நினைத்தார்களோ அப்படியே நம்மையும் நினைக்க வைக்கும். வாரம் ஒரு காலம். ஒரு தடவை படிந்ததை அடுத்த காலம்தான் மாற்றும்; பழைய நினைவு திரும்பாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்கள். சின்ன வருத்தமாகக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். காணாமல் போன நாய், உடைந்த சைக்கிள், அந்த மாதிரி.

பூரணத்தாய் செத்துப்போன மகனைக் கொண்டு போனாள். சின்ன வருத்தத்தை வெளியே சொல்கிற பழக்கம் நம் ஆட்களிடம் ஏது?

மகன் இசக்கிராஜ் படித்துக்கொண்டிருந்தது இதே பாடம். புயல் மழையில் பாலத்தில் கார் சறுக்கி ஆற்றில் விழுந்தது. அவன் பாதியில் விட்டதைத் தான் படித்தால் அவன் பக்கத்தில் இருந்த மாதிரி இருக்கும் என்றாள். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த அவள் புருஷன் சுடலைமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை.

“இருக்க நெனப்பையும் கண்டவன் கையில குடுக்கப் போறியா?”

“நீங்க வீட்ல கெடந்து மோட்டுவளையப் பாருங்க. நான் எம்புள்ள படிச்சதப் படிக்கப் போறேன்.”

முதல் காலம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பக்திமான்களுடையது. திரும்பி வந்தவள் சாப்பிடவில்லை. “நம்ம பாவத்துக்குத்தான் ஆண்டவன் எடுத்துக்கிட்டான்” என்று தரையில் கிடந்தாள். இயற்கையையே கடவுளாகக் கண்டவர்களின் காலம் அடுத்து வந்ததும் அது போயிற்று. மகன் ஆற்றோடும் மழையோடும் கலந்துவிட்டான் என்று கரையில் போய் உட்கார்ந்து சிரித்தாள். அதற்கடுத்து உள்ளதை உள்ளபடி எழுதியவர்கள்; தேய்ந்த டயர், கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம், அதைக் கட்டிய ஒப்பந்தக்காரன் என்று பேசினாள். சுடலைமுத்துவுக்கு அந்த ஒரு வாரம்தான் பிடித்தது. பிறகு, மனிதன் வெறும் பூச்சி, ஆற்றுக்கு அவன் யாரென்று தெரியாது என்றாள். அப்புறம் நினைவு துண்டு துண்டானது. ஒற்றைச் செருப்பு, ஒரு கார் விளக்கு, யாரோ கூப்பிடும் சத்தம். இடையில் ஒன்றுமில்லை.

கடைசிக் காலம், கதை சொல்கிறவனையே நம்பாதவர்களுடையது. அன்று வந்து காபி ஆற்றிக்கொண்டே கேட்டாள்:

“ஏங்க, இசக்கிராஜ்னு ஒருத்தன் இருந்தானா, இல்ல நாமளாக் கட்டுனதா?”

சுடலைமுத்து கல்லூரிக்கு ஓடினான். ஆசிரியை சொன்னதைக் காதில் மாட்டிய மொழிமாற்றி தமிழில் சொன்னது: “பின்னால் போக முடியாது, ஐயா. ஒவ்வொரு காலமும் முந்தையதை நம்பாமல்தானே பிறந்தது. பொறி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.” ஆசிரியைக்கும் கண் கலங்கியிருந்தது. அவன் அதையும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து மகன் போட்டோவை எடுத்துக் காட்டினான்.

“போட்டோ இப்ப யாரு வேணும்னாலும் செய்யலாம்லா” என்றாள்.

அவளை உட்கார வைத்து அவனே சொல்ல ஆரம்பித்தான். வாழ்நாளில் அவ்வளவு பேசியவனில்லை. பையன் தயிர்ச்சோற்றில் மிக்சர் போட்டுத் தின்றது, கோபம் வந்தால் காது சிவப்பது, பொய் சொல்லும்போது மூக்கைத் தடவுவது, காரை மேலே தூக்கியபோது சீட் பெல்ட்டை விடாமல் பிடித்திருந்த கை.

கையைச் சொன்னதும் பூரணத்தாய் வாய்விட்டு அழுதாள். சுடலைமுத்துவுக்கு உயிர் வந்தது. “அழுளா, நல்லா அழு” என்று தோளைப் பிடித்துக்கொண்டான்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“பாவம்” என்றாள். “அந்தப் புள்ளையப் பெத்தவ பெறகு என்ன ஆனா?”