பின்சுவர்ப் பனி

காலையில் அள்ளிக்கொண்டுபோய் வேலியோரம் கொட்டிய பனி, மத்தியானம் திரும்பவும் வீட்டுச் சுவரடியில் கிடந்தது.

புனிதவதி குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தபடி நின்றாள். புதிதாகக் கொட்டிய பனியென்றால் வளவு முழுக்கக் கொட்டியிருக்க வேண்டும். காற்று வாரிவந்து போட்டதென்றால் மேடும் பள்ளமுமாகக் கிடக்க வேண்டும். இதுவோ பின்சுவரின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை, இடுப்பளவு உயரத்துக்கு, யாரோ கையால் அணைத்துத் தட்டித் தட்டி வைத்ததுபோல வழுவழுவென்று கிடந்தது. அவள் கொட்டிய வேலியோரத்தில் புல் மஞ்சளாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் அவளுடைய சப்பாத்துத் தடங்களைத் தவிர வேறு தடம் இல்லை.

"உது பக்கத்து வீட்டுப் பெடியளின்ரை வேலை" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்து வீட்டில் இருப்பது நடக்கமுடியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவரைவிட வயதான நாயும்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு திரும்பவும் இறங்கினாள். இறங்காமல் இருக்க முடியாது. பேஸ்மென்ற் சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. அதைப் பார்க்க முந்தாநாள் வந்த அத்திவார வேலைக்காரன் அகஸ்ரின், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அன்ரி, வெளியிலை மண்ணுக்குள்ளை தண்ணி போனா உறையும். உறைஞ்சா வீங்கும். வீங்கினா சுவரைத் தள்ளும். அவ்வளவுதான் விசயம். சுவரோடை ஸ்நோவைக் கிடக்க விடாதேங்கோ. கூரைப் பீலித் தண்ணியைக் குழாய் நீட்டித் தூர விடுங்கோ. கீழ் ஜன்னலுக்கு வெளியிலை வெட்டின கிடங்குக்கு மூடி போட்டு, உள்ளுக்கை பிளாஸ்ரிக் ஒட்டுங்கோ. முக்கியமா, பேஸ்மென்றைச் சூடா வைச்சிருங்கோ. உள்ளுக்கை குளிர விட்டா அத்திவாரத்துக்கு அடியிலையும் உறைஞ்சு வீட்டைத் தூக்கும். பிறகு ஒண்டும் செய்யேலாது."

"கீழை ஆக்கள் இல்லைத் தம்பி. ஆளில்லாத அறைக்கு என்னத்துக்குச் சூடு?"

"சூடு ஆளுக்கில்லை அன்ரி, வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். புனிதவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு என்றால் அவளுக்கு உயிர். அகதியாக வந்து, பிறர் வீடுகளில் ஒண்டிக் கிடந்து, அவளும் கணவன் ஜெயரட்ணமும் இரவு பகல் பாராமல் உழைத்து ஸ்காபரோவில் வாங்கிய வீடு. ஜெயரட்ணம் லொறி ஓட்டுகிறவர். பிறம்ரனில் சரக்கேற்றிக்கொண்டு போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டார். மகள் மயூரி கல்யாணம் கட்டி யூனியன்வில்லுக்குப் போய்விட்டாள். மிஞ்சியது இந்த வீடும் அவளும்தான். சுவர் போனால் எல்லாம் போன மாதிரி.

போன மாரிக் குளிரில் கீழே ஆள் இருந்தது. ராஜி, தமிழ்நாட்டுப் பிள்ளை. முதியோர் இல்லமொன்றில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தலைமுழுகிவிட்டு, சின்ன மண்சட்டியில் கரி மூட்டிச் சாம்பிராணி போட்டு முடி உலர்த்துவாள். அந்த வாசம் சூட்டுக் குழாய்கள் வழியே ஏறி மேலே சோபா வரை வந்துவிடும். மயூரியின் கல்யாணத்துக்கு லண்டனிலிருந்து சனம் வர இருந்தது. அறையை விடச் சொல்லிப் புனிதவதி கேட்டாள்.

"ஏப்ரல் வரைக்கும் டைம் குடுங்கக்கா. இந்தக் குளிர்ல நான் எங்க போவேன்?"

சொல்லிப் போகாதவளைக் குளிர் விரட்டட்டும் என்று புனிதவதி முடிவு செய்தாள். கீழே, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருந்த அறையில், ராஜியின் அறைக்குப் போகும் தகரக் குழாயில் ஒரு சின்னக் கைபிடி உண்டு. அதைத் திருப்பினால் சூடு போகாது. திருப்பிவிட்டு ஃபர்னஸ் அறையைப் பூட்டி, திறப்பைக் குசினி ஆணியில் கொழுவினாள். ராஜி மேலே வந்து கெஞ்சத் தொடங்க, பேஸ்மென்ற் கதவுக்குக் குசினிப் பக்கத்தில் ஒரு தாழ்ப்பாளும் பொருத்தினாள். பிறகு ராஜி கீழே நின்று, நிலம் கூட்டும் தும்புத்தடியால் கூரையில் இடித்துக் கூப்பிட்டாள். டொக். டொக். டொக். புனிதவதி ரீவிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு நாடகம் பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இடி கேட்கவில்லை. மறுநாள் வேலையிடத்திலிருந்து ராஜியைத் தேடி ஃபோன் வந்தது. புனிதவதி தாழ்ப்பாளைத் திறந்து இறங்கிப் பார்த்தாள். ஜன்னலுக்கு பிளாஸ்ரிக் ஒட்டி, கதவிடுக்கில் துணி அடைத்து, சாம்பிராணிச் சட்டியில் கரியைக் குவித்து மூட்டி, அதை அணைத்தபடி ராஜி சுருண்டு கிடந்தாள். சாம்பிராணிக்கு அலறுகிறதென்று கூரையிலிருந்த புகை அலாரத்தை அவளே எப்போதோ கழற்றி வைத்திருந்தாள். மூடிய அறையில் கரி மூட்டினால் அதன் நஞ்சு ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்று போலீஸ்காரர் விளக்கினார். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே கைபிடி பழையபடி திருப்பப்பட்டிருந்தது. பிறகு சட்டியைப் புனிதவதியே குப்பையில் போட்டாள். ஊராருக்கு முன்னால் நன்றாக அழுதும் காட்டினாள். ஜெயரட்ணத்துக்குக்கூட எதுவும் தெரியாது.

இப்போது அதே அறையைச் சூடாக்க வேண்டியிருந்தது. முந்தாநாள் அகஸ்ரின் போனதும், ஆளில்லாத அறையென்று மூடிவைத்திருந்த கைபிடியைத் திறந்துவிட்டாள். நேற்றுப் பார்த்தால் மூடிக் கிடந்தது. திறந்தோமா இல்லையா என்று தன்னையே சந்தேகப்பட்டுத் திரும்பத் திறந்தாள். இன்று பனியை அள்ளிமுடித்து, ஜன்னல் கிடங்குக்கு மூடி போட்டு, உள்ளே பிளாஸ்ரிக் ஒட்டிவிட்டு ஃபர்னஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தபோதும் மூடித்தான் கிடந்தது. தகரத்தில் கை வைத்தாள். குளிரில் விரல் நுனி ஒட்டிக்கொண்டது. இழுத்து எடுத்துக் கைபிடியைத் திருப்பிவிட்டு, அந்த அறைக் கதவைத் திறந்தபடியே விட்டு, மேலே ஓடிவந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

நாலரைக்கே இருட்டிவிட்டது. ஜெயரட்ணம் வழியில் எங்கோ நின்று கூப்பிட்டார்.

"என்னப்பா, குரல் ஒருமாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. ஸ்நோ அள்ளின அலுப்பு."

"அந்தப் பிள்ளையின்ரை ஆட்டைத் திவசம் இந்தக் கிழமையெல்லே. கோயிலிலை ஒரு மோட்ச விளக்காவது ஏத்துமன்."

"அவள் எங்களுக்கு என்ன முறை? பேசாமல் லொறியைப் பாத்து ஓடுங்கோ."

ஃபோனை சோபாவில் போட்டாள். ரீவியில் நாடகம் தொடங்கியது. சூட்டுக் குழாயின் வாய் அவள் காலடியில்தான் இருந்தது, அதிலிருந்து வெதுவெதுப்பான காற்று பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றோடு மெல்ல, மிக மெல்ல, ஒரு வாசம் ஏறியது. முதலில் ஈரமுடியின் வாசம். பிறகு கரி. பிறகு சாம்பிராணி.

இன்று வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

டொக்.

காலுக்குக் கீழே.

டொக். டொக்.

அவள் யோசிக்கவில்லை. கை தன்பாட்டில் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டியது. பழகிய கை.

அப்போது பின்பக்கத்தில், மரம் முறிந்த மாதிரி ஒரு பெரிய வெடிச்சத்தம் கேட்டது. சுவர்! குசினிக் கோப்பைகள் கிலுகிலுத்தன. அவளுக்குள் இருந்த பயத்தைத் தள்ளிக்கொண்டு வீட்டு நினைப்பு முந்தியது. தாழ்ப்பாளை இழுத்தாள். லைற்றைப் போட்டாள். இறங்கினாள்.

வெடிப்பு கூரையிலிருந்து தரைவரை கிழிந்திருந்தது. சுவர் உள்ளே பிதுங்கி நின்றது. வெடிப்பு வழியே பனி, மாவு பிதுங்குவதுபோல மெதுவாக உள்ளே வந்து, நிலத்தில் சேர்ந்து, தன்னைத் தானே தட்டிக்கொண்டிருந்தது.

மேலே கதவு சாத்தியது.

தாழ்ப்பாள் நகரும் சத்தம். அவள் எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் அது வழுக்கிக்கொண்டு போனது.

படியேறிக் கதவில் அடித்தாள். "ஆர் அது? மயூரி! மயூரியே?" இறங்கி, வெளியே போகும் பக்கக் கதவுக்கு ஓடினாள். வெளிப்புறமாகத் திறக்கும் கதவு. தோளால் இடித்தாள். வெளியே கழுத்தளவுக்குப் பனி, இறுக்கி அணைத்து வைத்திருந்தது. ஜன்னலுக்கு ஓடினாள். பிளாஸ்ரிக்கைக் கிழிக்க நகம் வைத்தாள், நகம்தான் கிழிந்தது. அதற்கப்பால் கிடங்கு மூடி. அதற்கு மேலே பனி. எல்லாம் நன்றாகவே செய்திருந்தாள்.

ஃபர்னஸ் அறை பூட்டியிருந்தது.

திறப்பு மேலே, குசினி ஆணியில். கதவுக்குப் பின்னால் ஃபர்னஸ் உறுமுவது கேட்டது. தலைக்கு மேலே தகரக் குழாய்கள் டிக் டிக்கென்று விரிந்தன. சூடு எல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தது.

குளிர் காலால் ஏறியது. முழங்கால். இடுப்பு. பல் தாளம் போட்டது. தும்புத்தடி சுவரோரம் சாய்ந்து நின்றது. போன வருஷமே எறிந்துவிட்ட தும்புத்தடி. அதை எடுத்தாள். கூரையில் இடித்தாள்.

டொக். டொக். டொக்.

மேலே யாரோ நடந்தார்கள். செருப்புச் சத்தம். அவளுடைய செருப்பு. ஹோலுக்குள் வந்து, சோபாவில் அமர, அதன் சுருள்வில் முனகியது.

"ராஜி... பிள்ளை, குளிருது. கதவைத் திற பிள்ளை. நான் செய்தது பிழைதான். திற!"

டொக். டொக்.

மேலே ரீவிச் சத்தம் கூடியது.

அவள் கத்தினாள். இன்னும் கூடியது.

தும்புத்தடி கையிலிருந்து விழுந்தது. திரும்பினாள். அறையின் நடுவில், அவள் குப்பையில் போட்ட மண்சட்டி இருந்தது. நிறையக் கரி. சிவக்கச் சிவக்கக் கனன்றது. பக்கத்தில் ஒரு பாய், ஒரு ஆள் சுருண்டு படுக்கிற அளவுக்கு விரித்திருந்தது. கதவிடுக்கில் துணி அடைத்திருந்தது.

கிட்டப் போகக்கூடாது. அது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். போலீஸ்காரர் விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

சட்டி சூடாக இருந்தது. அந்த அறையிலேயே அது ஒன்றுதான் சூடு.

நாடகத்தின் பாட்டு தலைக்கு மேலே முழங்க, புனிதவதி பாயில் முழங்கால் குத்தி, இரண்டு கைகளையும் சட்டிக்கு மேல் நீட்டினாள்.