தெளிமானிக்குச் சொன்ன குடும்பம்

"தெரியவில்லை" என்றது தெளிமானி.

தர்மக்கண் தம் காதில்தான் கோளாறு என்று நினைத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த திரையின் அருகே போய்ப் பார்த்தார். எண் வரவேண்டிய இடத்தில் அந்த ஒரு சொல்தான் நின்றது.

"மறுபடி கேளு" என்றார் மகளிடம்.

"கேட்டுப் பார்த்துட்டேம்ப்பா. அதுக்குத் தெரியலையாம்" என்றாள் மாதங்கி.

"அதுக்கே தெரியலைன்னா வேற யாருக்குட்டி தெரியும்?"

அன்றைய தூத்துக்குடியில் இது நியாயமான கேள்விதான். தெளிமானி வீட்டுக்கு வீடு வந்த பிறகு, சந்தேகத்தோடு ஒரு முடிவெடுப்பது பல் துலக்காமல் சபைக்கு வருவதுபோல அநாகரிகமான காரியமாகிவிட்டது. அந்தப் பொறி மாதம் ஒருமுறை வீட்டிலுள்ள ஒவ்வொருவரோடும் தனியே பேசும். யாருக்கு எதில் கோபம் வரும், யார் கஷ்டத்தைத் தாங்குவார், யார் ஒடிந்துபோவார் என்று பொறுமையாக விசாரிக்கும். பிறகு என்றைக்காவது "இந்த மனையை வாங்கலாமா, இந்தப் பையனுக்குப் பெண்ணைக் கொடுக்கலாமா" என்று கேட்டால், அந்தக் குடும்பத்தைத் தன் நினைவுக்குள் குடியேற்றி, அந்த முடிவோடு பல்லாயிரம் முறை வாழவைத்துப் பார்க்கும். நூற்றுக்கு எத்தனை வாழ்க்கை நன்றாக அமைகிறதோ, அதுவே தெளிவெண். தொண்ணூறுக்குக் கீழே வந்தால் யாரும் காலை எடுத்து வைப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்குக் கீழே அந்த எண்ணை அச்சிட்டார்கள்.

தர்மக்கண் துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே அழைத்துவரும் பைலட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் அவர் வீட்டுக்குப் பெயரே பைலட் வீடு. மகன் சபாபதியின் கல்யாணத்துக்குத் தொண்ணூற்றாறு. இந்த வீட்டு மனைக்குத் தொண்ணூற்றேழு. அந்தத் திரையில் தொண்ணூற்றாறுக்குக் குறைந்த எண் வந்ததில்லை. "தெரியவில்லை" என்ற பதிலை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. மாப்பிள்ளை ஆதிநாதனின் வீட்டார் மாலையில் ஆறுமுகநேரியிலிருந்து வாக்குப் பேச வருகிறார்கள். முதல் வார்த்தையே எண்ணைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

"நீ அதுகிட்ட என்ன சொன்னே?"

மாதங்கி தரையைப் பார்த்தாள். "இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளதைன்னா?"

"அண்ணன் கப்பல் வேலையை விட்டப்போ நீங்க எட்டு மாசம் அவன் முகத்தைப் பார்த்துப் பேசலைல்லா, அதை. அம்மா ஒருதரம் கோவிச்சுக்கிட்டு நாசரேத்துச் சித்தி வீட்டுக்குப் போனதை. எனக்கும் உங்க கோவம்தான்னு..."

"ஏட்டி, அது வெளியாளுல்லா!" தர்மக்கண் சுவரைச் சுட்டிக்காட்டினார்.

அவர் சொன்னதில் தவறில்லை. பொறி வீட்டுக்கு வந்த முதல் நாளே அவர் மனைவி செண்பகவடிவு புடவை மாற்றிக்கொண்டுதான் அதன் முன் உட்கார்ந்தாள். குடிக்காது என்று தெரிந்தும் கையோடு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வரன் விசாரிக்க வந்தவரிடம் எப்படிப் பேசுவார்களோ, அப்படித்தான் எல்லோரும் அதனிடம் பேசினார்கள். எங்கள் வீட்டில் சண்டையா, கிடையாது. உடம்புக்கா, ஒன்றுமில்லை. இதைப் பொய் என்பவர்கள் குடும்பம் நடத்தி அறியாதவர்கள். வீட்டுக்குச் சுவர் எதற்கு வைக்கிறோமோ, அந்தப் பேச்சும் அதற்குத்தான்.

அடுப்படியிலிருந்து கேசரிக் கரண்டியோடு வந்து நின்றாள் செண்பகவடிவு. "நாசரேத்து விஷயத்தையுமா சொன்னே?"

"நான் கட்டிக்கப்போறவங்க நடுக்கடல்ல காத்தாலைக் கோபுரத்து உச்சியில தொங்கிக்கிட்டு வேலை பாக்குறவங்கம்மா" என்றாள் மாதங்கி. அவள் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒவ்வொரு நாளும் போன் அடிச்சா பதறுமே, அந்தப் பயத்தோட என்னால குடும்பம் நடத்த முடியுமான்னு தெரியணும். எதுக்கும் பயப்படாத பொண்ணைப் பத்திக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போவுது?"

தர்மக்கண் நிமிர்ந்தார். "சரி. சாயங்காலத்துக்குள்ள உக்காந்து பழையபடி சொல்லு. எண் வந்துரும்."

"சொல்லுதேன். உள்ளதைச் சொன்னா ஒவ்வொரு தடவையும் எண் மாறி மாறி வருதாம், அதான் தெரியலைங்குது. அப்போ அண்ணனுக்குச் சொன்ன தொண்ணூத்தாறு யாருக்குன்னு முதல்ல அதுகிட்ட கேளுங்க."

அவர் திரையின் முன் வந்து நின்றார். கப்பல் மேல்தளத்தில் நிற்பதுபோல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "சபாபதி கல்யாணத்துக்குத் தொண்ணூத்தாறு சொன்னீரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கிறது ஐயா" என்றது தெளிமானி. "அது நீங்கள் சொன்ன குடும்பத்துக்கு."

"நாங்க சொன்ன குடும்பம்னா நாங்கதான்."

"அந்தக் குடும்பத்தில் தந்தைக்குக் கோபம் வருவதில்லை. தாய்க்குக் களைப்பு வருவதில்லை. பெற்றோர் சொல்வதெல்லாம் பிள்ளைகளுக்குச் சரியாகவே படுகிறது. அவர்களை எந்த முடிவும் கெடுக்காது. இந்த மனையை நீங்கள் வாங்காமல் விடலாமா என்று கேட்டிருந்தாலும் தொண்ணூற்றேழுதான் சொல்லியிருப்பேன். இந்த ஊரில் பெரும்பாலும் அந்த ஒரே குடும்பம்தான் வசிக்கிறது ஐயா. பெயர்கள்தான் வேறு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்கள் கேட்கவில்லை. ஒரு வீட்டு விஷயத்தில் நானாகத் தலையிடுவது முறையல்ல."

செண்பகவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியால் வாயைப் பொத்தப் போய்க் கன்னத்தில் கேசரி ஒட்டிக்கொண்டது. "அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருப்பேன்!"

தர்மக்கண் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். சபாபதியின் மனைவி வந்த முதல் வருடம் அடுப்படியில் இரண்டு பெண்களும் பேசாமலேயே சமைத்தது அவருக்கு நினைவு வந்தது. மனை வாங்கிய பிறகு கிணறு உப்பாகிப்போனது. அவருடைய முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் செண்பகவடிவு தோள் கொடுத்து நடக்கவைத்தாள். ஒவ்வொன்றையும் தாண்டி வந்தபோது, தொண்ணூற்றுச் சொச்சம் சொன்ன பொறி பொய்க்கவில்லை என்று அவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த எண் வேறு யாருக்கோ உரியது. தாண்டி வந்தவர்கள் இவர்கள். நன்றி சொல்லவேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஒரு சுவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

"கன்னத்துல கேசரி இருக்கு" என்றார் மனைவியிடம். அவருக்கு அப்போது சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாதங்கியைப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவும் தெரிஞ்ச பிறகும் அவரையே கட்டிக்கிடுதியா?"

"ஆமாப்பா."

"பயம்?"

"அது இருக்கட்டும்."

ஆறுமுகநேரிக்காரர்கள் வந்தார்கள். ஆதிநாதனின் தந்தை வைத்திலிங்கம் உப்பளம் வைத்திருப்பவர். சட்டையும் வேட்டியும் அவர் உப்பைப் போலவே வெளுத்திருந்தன. உடன் அவர் மனைவி ஆவுடையம்மாள், பின்னால் ஆதிநாதன். கேசரியைச் சாப்பிட்டார்கள், மழை பெய்யாததைப் பற்றிப் பேசினார்கள். காப்பி வந்ததும் வைத்திலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டுல தொண்ணூத்தெட்டு. அச்சாபீசுக்காரன் அவசரப்படுத்துதான். உங்க எண்ணைச் சொன்னீங்கன்னா கொடுத்திரலாம்."

தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அடுத்த வீட்டுத் திரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது அவமரியாதை, யாரும் கேட்கமாட்டார்கள். மாதங்கி கதவோரத்தில் நின்று தந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்மக்கண் பைலட்டாக இருந்த காலத்தில், வெளிநாட்டுக் கப்பலில் ஏணி பிடித்து ஏறியதும் கேப்டன்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வழி எப்படி இருக்கிறது? புயலுக்குப் பிறகு மணல் எங்கே மேடிட்டிருக்கிறது என்று அவருக்கே தெரியாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது, கப்பலைக் கரையில் கட்டும்வரை உங்கள் பக்கத்தில் நிற்பேன் என்பார். அதற்காக எந்தக் கேப்டனும் அவரைத் திருப்பி அனுப்பியதில்லை. வெளியாளிடம் வீட்டை மறைப்பது கௌரவம். மகளைக் கொடுக்கப்போகிற வீட்டாரிடம் மறைத்தால் அவர்களைக் கடைசிவரை வெளியாளாகவே வைத்திருப்பதாகும்.

அவர் எழுந்து நின்றார். "எங்களுக்குத் தெரியலைன்னு வந்திருக்கு."

ஆவுடையம்மாளின் கை காப்பி டம்ளரிலேயே நின்றுவிட்டது.

"அப்படின்னா... எண்பதுக்கும் கீழேயா?" என்றார் வைத்திலிங்கம்.

"எண்ணே இல்ல. உள்ளதைச் சொன்னோம், அதான். நான் கோவக்காரன். பேசாம இருந்தா மாசக்கணக்கா பேசமாட்டேன். எம் மகளுக்கும் அந்தக் குணம் உண்டு. உங்க மகன் வேலையை நினைச்சு அவளுக்குப் பயம். சரியா வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. சரியா வராதபோது நானும் எம் வீட்டுக்காரியும் வந்து நிப்போம். அதுக்கு எண் கிடையாது. எம் வாக்குதான்."

வைத்திலிங்கம் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். "எங்க குடும்பத்துல இப்படி ஒரு பத்திரிகை அடிச்சதில்ல. ஏல, எந்திரி."

ஆதிநாதன் எழுந்திருக்கவில்லை. "அப்பா, காத்தாலை உச்சிக்கு ஏறும்போது எனக்குக் கை நடுங்கும்னு நம்ம வீட்டுத் தெளிமானிகிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கமா?"

"நடுங்குமா?" என்றாள் ஆவுடையம்மாள் பதறிப்போய்.

"பின்னே? அவ்வளவு உயரத்துல தூக்கமா வரும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"உங்ககிட்ட சொன்னா நீங்க அதுகிட்ட, அவன் சிங்கக்குட்டின்னு சொல்லுவீங்க. தொண்ணூத்தெட்டு அந்தச் சிங்கக்குட்டிக்குத்தான் வந்திருக்கு. அதுக்கு வேற பொண்ணு பாருங்க."

கதவோரத்தில் மாதங்கிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அந்தக் கை நடுங்குவது அவளுக்கு முன்பே தெரியும்.

ஆவுடையம்மாள் மகனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "உக்காருங்க. தெரியலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுத சம்பந்தி ஊர்ல வேற எங்க கிடைப்பாங்க?"

வைத்திலிங்கம் வாசலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்து டம்ளரைத் தொட்டுப் பார்த்தார்.

"காப்பி ஆறிட்டு" என்றார்.

செண்பகவடிவு அதைச் சுடவைக்க உள்ளே ஓடினாள்.

பத்திரிகையில் எண் இருக்கவேண்டிய இடத்தில் என்ன போடுவது என்று அச்சாபீசுக்காரர் போனில் கேட்டபோது, "வந்ததைப் போடும்" என்றார் தர்மக்கண். ஊர் வாய்விட்டுச் சிரித்தது. "தெரியவில்லை" என்று அச்சிட்ட மணமக்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்ப்பதற்காகவே கல்யாணத்துக்குக் கூட்டம் நெருக்கியடித்தது.

முதல் வருடத்தில் மாதங்கி இரண்டு முறை பெட்டியோடு பிறந்தவீட்டுக்கு வந்தாள். இரண்டு முறையும் அடுத்த பஸ்ஸில் ஆதிநாதன் வந்து இறங்கினான். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே போனார்கள். மூன்றாம் முறை வருவாளா என்று அந்த வீட்டில் யாரும் தெளிமானியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குத் தெரிந்திருக்காது.

ஊர்தான் சும்மா இருக்கவில்லை. தொண்ணூற்றேழு வாங்கிக் கல்யாணம் செய்து, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத வீடுகள் பல இருந்தன. அவர்களில் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு பொறியிடம் உள்ளதைச் சொல்லிப் பார்த்தார்கள். அங்கெல்லாம் எண் மறைந்தது. விஷயம் பரவியது. கொஞ்ச காலத்தில் தொண்ணூற்றெட்டு என்றாலே, "அவ்வளவு எதை மறைச்சிருக்காங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "தெரியவில்லை" என்று வந்த வீட்டில்தான் நம்பிச் சம்பந்தம் செய்யலாம் என்றாயிற்று. பத்திரிகைகளில் அந்தச் சொல்லைத் தங்க எழுத்தில் அச்சிட்டார்கள்.

கௌரவத்தைக் காக்க வேண்டியவர்கள் என்ன செய்வார்களோ, அதைச் செய்தார்கள். நடக்காத சண்டைகளைப் பொறியிடம் சொன்னார்கள். வராத கண்ணீரை வந்ததாகச் சொன்னார்கள். தெளிமானி வழக்கம்போல எல்லாவற்றையும் நம்பியது.

ஒருநாள் காலை எதிர்வீட்டுக் குமரகுருபரன் வந்தார். வங்கியில் மேலாளராக இருந்தவர். அதட்டிப் பேசி அறியாதவர். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, பேத்திக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கு. எங்க வீட்டுத் தெளிமானி தொண்ணூத்தொன்பதை விட்டு இறங்கமாட்டேங்குது. நாங்களும் சண்டையா இட்டுக்கட்டிச் சொல்லுதோம், அதுவும் நம்புது, ஆனா எங்க கற்பனைக்குச் சாயங்காலமே சமாதானமாகுத சண்டைதான் வருது. உங்க வீட்டுல நடந்ததுல, நல்ல சண்டையா ஒண்ணு சொல்லுங்களேன்."

தர்மக்கண் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "எங்க வீட்டுச் சண்டையை இரவல் கொடுக்கிறதில்ல."

குமரகுருபரன் முகம் வாடித் திரும்பிப் போனார். அவர் தெருவைக் கடக்கும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த செண்பகவடிவுக்கு மனம் கேட்கவில்லை.

"பாவம், ஒண்ணைக் கொடுத்திருக்கலாம். நம்மகிட்டதான் நெறைய கிடக்குல்லா?"

"எதைக் கொடுக்க?" என்றார் தர்மக்கண். "எல்லாம் புழக்கத்துல இருக்கு."