பன்னிரண்டாவது பாடம்

தெற்குக் குமிழியில் விடிந்ததும் முதியவர்கள் செய்யும் முதல் வேலை, எதையும் கற்றுக்கொண்டுவிடாமல் பாடம் கேட்பது. சுவர்த்திரையைப் போடுவார்கள். பயிற்றுநர் இயந்திரம் பேசத் தொடங்கும். சற்று நேரம் கேட்டுவிட்டு, தலைவலி என்றோ கஞ்சி ஆறுகிறது என்றோ சொல்லி அணைத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் நிம்மதியாக மூச்சு வரும்.

செவ்வாய்க் கோளில் காற்றுக்குப் பஞ்சம்; குமிழிகளுக்குள்தான் மூச்சுவிட முடியும். எழுபது வயதானவரின் காற்றுப்பங்கு நிறுத்தப்படும் என்பது குடியேற்றத்தின் ஆதிச் சட்டம். வலி கிடையாது, அமைதி அறையில் படுத்தால் உறக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். இதற்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. எழுபதுக்கு முன்பே ஏதாவது ஓர் இலவசப் பாடநெறியில் சேர்ந்து, அதை இன்னும் முடிக்காதவர் ‘கற்போர்’. கற்போரின் காற்றில் யாரும் கைவைக்க முடியாது. வானியல் முதல் இசை வரை எத்தனையோ துறைகளில் பாடங்கள் இருந்தன. கட்டணமில்லை, தேர்வுமில்லை. கடைசிப் பாடத்தைக் கேட்டு முடித்தால் படிப்பு முடிந்தது, காற்றும் முடிந்தது.

சவரிமுத்து ஒன்பது பாடநெறிகளில் பெயர் கொடுத்திருந்தார். தர்க்கவியல், புள்ளியியல், கிரேக்க நாடகம் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் சேர்ந்தவர், எதிலும் முதல் பாடத்தைத் தாண்டவில்லை. கைவசம் நாலு இருந்தால் நல்லதுதானே என்பார். அவர் மனைவி அமலோற்பவம் சேர்ந்தது ஒன்றே ஒன்றில்: கடலியல். அவருடைய ஒன்பதில் அதுவும் ஒன்று; அவளுக்குத் துணையாக இருக்கட்டுமென்று பெயர் கொடுத்துவைத்தார். ஆனால் அவள் சலுகைக்காகச் சேரவில்லை. படிப்பதற்காகவே சேர்ந்தாள்.

அமலோற்பவம் செவ்வாயில் பிறந்தவள், கடலைப் பார்த்ததில்லை. நீர்மீட்பு ஆலையில் நாற்பது வருடம், மற்றவர்கள் பயன்படுத்திக் கழித்த நீரிலிருந்து உப்பைப் பிரிப்பதுதான் அவள் வேலை. ஒரு நாள் விட்டாலும் உப்பு ஏறிவிடும். எடுக்க எடுக்கத் தீராது. பதினோராவது பாடத்தின் முடிவில் பயிற்றுநர் ஒரு கேள்வியைப் போட்டது: பூமியின் ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலுக்கு உப்பைக் கொண்டு சேர்க்கின்றன; ஆனாலும் கடல் ஏன் மேலும் மேலும் உப்பாகிக்கொண்டே போகவில்லை? விடை அடுத்த பாடத்தில்.

அதுதான் கடைசிப் பாடம். அப்போது அவளுக்கு அறுபத்தாறு வயது. எல்லோரையும்போல அவளும் அங்கேயே நின்றுகொண்டாள்.

ஏழு ஆண்டுகள் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அங்கே யார் உப்பை எடுக்கிறார்கள் என்று சாப்பிடும்போது கேட்பாள். சவரிமுத்து தனக்குத் தோன்றியதைச் சொல்வார். மீன்கள் குடித்துவிடும் என்பார். அவள் சிரிக்கமாட்டாள். பயிற்றுநரிடமே கேட்டுப் பார்த்தாள்; விடை பன்னிரண்டாம் பாடத்தில் இருக்கிறது என்றது. குமிழியில் வேறு யாருக்கும் தெரியவில்லை. யாரும் எதையும் முடித்ததில்லை.

ஒரு நாள் காலை, கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பாடத்தைக் கேட்கப் போறேங்க.”

அவர் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு கோபப்பட்டார். வேறு பாடநெறியில் சேர இனி வயதில்லை என்பதை நினைவுபடுத்தினார். தன்னிடம் ஒன்பது இருப்பதில் ஒன்றைக்கூட அவளுக்கு மாற்றித்தர முடியாதே என்று தலையில் அடித்துக்கொண்டார். தெரியாமல் இருந்தால் என்ன குறைந்துவிட்டது என்று கெஞ்சினார்.

“அதைக் கேட்காம இருக்கிறதுக்காக மட்டுந்தான் உசிரோட இருக்கிற மாதிரி இருக்கு,” என்றாள் அமலோற்பவம்.

பக்கத்து வீட்டார் வந்து சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சவரிமுத்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாடம் ஓடியபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பல காலமாகச் சிக்கியிருந்த ஒரு நூல் மெல்ல அவிழ்வதுபோல அது மாறியது.

“யாரும் எடுக்கலைங்க. சிப்பியும் கிளிஞ்சலும் கொஞ்சம் வாங்கிக்குது. மிச்சம் அதுவாவே அடியில படிஞ்சு பாறையாயிடுது. வர்ற அளவுக்குப் போயிடுது.”

திரையில் பூக்கள் உதிர்ந்தன. பாடநெறியை வெற்றிகரமாக நிறைவு செய்ததற்குப் பயிற்றுநர் அவளை வாழ்த்தியது.

அன்று மாலை காற்றுத்துறை அதிகாரி தமயந்தி வந்தாள். இளம்பெண். அமைதி அறையைத் தயார் செய்ய இரண்டு நாளாகும் என்றாள். அதை இதுவரை யாருக்கும் பயன்படுத்தியதே இல்லை. உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்தார்கள். என் கையில் இருந்தால் பார்க்காததுபோல் போய்விடுவேன், ஆனால் வால்வை மூடுவது இயந்திரம், அதற்கு ஏற்கெனவே தகவல் போய்விட்டது என்றாள்.

இப்படியொரு சட்டத்தை எந்தப் பாவி எழுதினான் என்று சவரிமுத்து கேட்டார்.

“அவர் பாவி இல்லைங்க ஐயா,” என்றாள் தமயந்தி. “பூமியில இலவசப் பாடங்கள்ல சேர்ந்தவங்க கணக்கைப் பார்த்தாராம். கோடிக்கணக்கான பேர் சேர்ந்திருக்காங்க. முடிச்சவங்க விரல்விட்டு எண்ணுற அளவு. கிழவர்களைக் காப்பாத்தணும்னு சொன்னா சபையில ஒருத்தரும் கை தூக்கமாட்டாங்க. படிப்புன்னு சொன்னதும் எல்லாரும் தூக்கிட்டாங்க. யாரும் முடிக்கமாட்டாங்கங்கிற நம்பிக்கையிலதான் எழுதினார்.”

அவள் அமலோற்பவத்தைப் பார்த்தாள். “அம்மா, உங்களை மாதிரி ஒருத்தர் வருவாங்கன்னு அவர் நினைக்கலை.”

மூன்றாம் நாள் அமலோற்பவம் போனாள். அமைதி அறையில் இன்னும் தூசி வாடை அடித்தது.

ஒரு வாரம் கழித்துச் சவரிமுத்து மற்ற எட்டுப் பாடநெறிகளிலிருந்தும் தன் பெயரை எடுத்துவிட்டுக் கடலியலைத் திறந்தார். பன்னிரண்டு பாடங்களையும் முடித்து அவளிடம் போய்ச் சேர்ந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார். அழுதுகொண்டேதான் உட்கார்ந்தார். நீரோட்டங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. மறுநாள் முழங்கால் வலி. பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை வந்தது, விருந்தாட்கள் வந்தார்கள். இதையெல்லாம் அரை மனதோடு கேட்கக்கூடாது, திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக உட்காரவேண்டும் என்று சொல்லிக்கொண்டார்.

தொண்ணூற்றாறு வயதில் இதயம் நின்று இறந்தார். முடித்துவிடவேண்டும் என்ற எண்ணம் ஒரு நாளும் அவருக்குக் குறையவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். இரண்டாம் பாடத்தில் பாதி பாக்கி இருந்தது.