மூட்டைகள் போன பிறகு

“அண்ணை, அந்த மூட்டையளைத் தொடாதேங்கோ!”

முன்னறைக்குள் கால் வைத்த லொறிக்கார இளைஞன் அப்படியே நின்றான். சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்... தாட்சாயினி மடியிலிருந்த கிற்றாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“உங்கட அப்பாதான் நெல்லேத்த வரச்சொன்னவர். ஏன், மூட்டையள் கிற்றார் பழகுதோ?”

“நக்கலே? வெறும் அறையில வாசிச்சா, கிணத்துக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரிப் பதிவாகுது. இந்த மூட்டையள்தான் எதிரொலியை விழுங்குது. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள யாழ்ப்பாணத்து இசைக்குழுவுக்கு அனுப்பவேணும்... இல்லாட்டி என்னை எடுக்கமாட்டினம்.”

“சுணங்கினா எனக்கெல்லோ மில்லில பேச்சு விழும்!”

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றவும், தகரக் கூரையில் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

“லக்ஷன், நெல்லை நனைச்சுப் போடாதை!” உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

மூட்டை இறங்கியது. மழை இரைச்சலில் கிற்றாரும் வாய் மூடியது. உருத்திரபுரத்து வயல்கள் வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்தன.

மழை விட்டால் மூட்டைகள் போய்விடும்... விடாவிட்டால் பதிவே இல்லை. எதை வேண்டிக்கொள்வது? அவளுக்கே புரியவில்லை. அவன் பக்கம் ஏன் கண் போகிறது என்பதும்தான்...

மழை விட்டது. லக்ஷன் அசையவில்லை. மில்லிலிருந்து அழைப்பு வந்து அலறிய ஃபோனை அணைத்துப் பையில் போட்டான்.

“முதல்ல நீங்கள் வாசியுங்கோ.”

ஏன்? இவ்வளவு நேரம் சண்டை பிடித்தவனா இவன்?

கிற்றார்த் துளைக்கு நேரே வைத்திருந்த தன் ஃபோனை அதன் கழுத்துப் பக்கம் நகர்த்தினாள். அப்படி வைத்தால் குமுறல் குறையும். வாசித்தாள். கடைசி நரம்பு மெல்ல மெல்ல அடங்கும்போது...

“இனி என்னை அண்ணையெண்டு கூப்பிடாதேங்கோ.”

“ஐயோ, பதிவாகிட்டுது! பழுதாக்கிப் போட்டீங்கள்!”

கத்தினாள்தான். ஆனால் கோபம் எங்கே போனது? கன்னம் ஏன் இப்படிச் சுடுகிறது?

“வாய் நிக்கேல்லை...” அவன் பதறினான்.

அவன் மூச்சைக்கூட அடக்கி நிற்க, மறுபடி வாசித்து அனுப்பினாள். பிறகு மூட்டைகள் ஒவ்வொன்றாய்ப் போயின. வெறும் அறையில் காலடிகூடப் பெரிதாய்க் கேட்டது.

வாசலில் லக்ஷன் தயங்கினான். “அந்த முதல் பதிவை... அழிச்சுப் போட்டீங்களோ?”

அவள் கிற்றார் நரம்புகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இல்லை... லக்ஷன்.”

வெறும் அறை அந்தப் பெயரை இன்னொரு முறை மெதுவாய்ச் சொன்னது.